கழுவாத பஞ்சு

சங்கரன்கோவில்,
திங்கட்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் ரிஸ்வானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஜஸீமா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் ஜஸீமாவும் ஹாலில் இருக்கும் நான்கு மீன்களும் சுகம். நீ அங்கே தம்மாமில் சுகமாக இருக்கிறாயா, நெஞ்சுச் சளி கரைந்ததா, புது ரூமில் தூங்க முடிகிறதா என்பதுதான் எனக்கு ஐந்து வேளைத் தொழுகையிலும் கவலை. நான்கு மீன் என்று வாசித்ததும், நான் ஆறு வாங்கிக் கொடுத்தேனே என்று சண்டைக்கு வராதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரலைக் கேட்டதும் எனக்குச் சொல்ல வந்தது எல்லாம் மறந்துபோகிறது, சாப்பிட்டாயா என்று கேட்டே நேரம் முடிந்துவிடுகிறது. தம்மாமிலிருந்து வந்திருக்கிற ஃபாரூக் வருகிற வியாழக்கிழமை லீவு முடிந்து திரும்புகிறான், அவன் பெட்டியில் உனக்கு மாவடுவும் வறுத்த மிளகாய்ப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைத்துவிட்டால் உன் கைக்கே வந்து சேரும். எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்துத்தான் கூட்ட வராது என்பது உனக்குத் தெரியும், அதனால் இவளை உட்கார வைத்திருக்கிறேன். நான் வாரான் போறான் என்று சொன்னால் இவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றி எழுதுகிறாள். மாற்றிக்கொள்ளட்டும், ஆனால் விஷயத்தை மாற்றக் கூடாது, நான் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பக்ரீத் முடிந்த மறுவாரம், நீ விமானம் ஏறுவதற்கு முந்தின சாயங்காலம், தங்கப்பழம் அண்ணாச்சியின் கலர்மீன் கடையிலிருந்து ஆட்டோவில் தொட்டியும் கல்லும் மோட்டாரும் மீனும் ஒன்றாகக் கொண்டு வந்து இறக்கினாயே, அன்றைக்கே குழாய்த் தண்ணீரை ஊற்றி அன்றைக்கே மீனையும் விட்டாய். உனக்கு எல்லாம் ஒரே நாளில் நடந்துவிட வேண்டும். காலையில் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே, ஏட்டி ஜஸீமா, நான் திரும்பி வார வரைக்கும் ஒண்ணுகூடச் சாவக் கூடாது, வந்து எண்ணிப் பாப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ சிரித்துக்கொண்டு சொன்னது, ஆனால் இவள் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. காக்கா அமானிதமா விட்டுட்டுப் போயிருக்கு உம்மா என்று அன்றைக்கே என்னிடம் சொன்னாள். அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்தது, அந்த வார்த்தை இவள் வாயில் வந்தபோதே நான் பயந்தேன். மனிதர்கள் ஒரு வார்த்தை பேசினால் அதைப் பத்து நாள் மனதில் வைத்திருக்கிறவள் இவள். பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னார்கள் என்பதற்காக இரண்டே மாதத்தில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள்.

மூன்றாம் நாளே தொட்டித் தண்ணீர் கஞ்சித்தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கலங்கியது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கின. ஐந்தாம் நாள் வெள்ளை வால் வைத்திருந்ததே, நீ துரை என்று பேர் வைத்தாயே, அது பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. இரண்டையும் இவள் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தாள், என்னைக்கூடக் கூப்பிடவில்லை. நீ வீடியோவில் கூப்பிட்டு மீனைக் காட்டு என்று கேட்டபோதெல்லாம் இவள் போனைத் தொட்டியின் ஒரு மூலையில் ஒட்டி வைத்துக் காட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா, நீகூட ஏட்டி வெறும் வாலாத் தெரியுது என்று சொன்னாய். எண்ண முடியாதபடிதான் காட்டினாள். பொய் சொல்ல வராது இவளுக்கு, அதனால் மூலையைக் காட்டினாள்.

முதல் மீன் செத்ததுமே தனியாகப் புர்காவை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள், எனக்கு அப்புறம்தான் தெரியும். ரேஷன் கடைக்கு என்னோடு வருவதற்கே முகத்தைச் சுளிக்கிறவள். போய் நின்றுகொண்டு வாயால் கேட்காமல், மீன் செத்துவிட்டது, மற்றவை மேலே வந்து மூச்சு வாங்குகின்றன, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய சீட்டை நீட்டியிருக்கிறாள். அவர் ஒரு நீல மருந்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இரண்டாவது மீனும் செத்த பிறகு மறுபடியும் சீட்டோடு போயிருக்கிறாள். அவர் வாசித்துவிட்டு, ஏட்டி மக்கா, இதுக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே, அச்சு அசல் இதே மாதிரி ரெண்டு தாரேன், கொண்டுபோய் விடு, அங்கன சவுதியில இருக்கவனுக்கு எது பழசு எது புதுசுன்னு தெரியவா போவுது என்று சொல்லி வலையையும் கையில் எடுத்துவிட்டாராம். அப்போதுதான் இவள் வாயைத் திறந்து, வேண்டாம் அண்ணாச்சி, தண்ணி இன்னும் சரியாவலை, இப்ப விட்டா அதுவும் செத்துரும் என்று சொன்னாளாம். அவர் வாப்பாவை டீக்கடையில் பார்த்து, மன்சூர் பாய், ஒங்க மவளுக்கு வாய் இருக்குவே, என் யாவாரத்தையே கெடுத்துட்டா என்று சொல்லிச் சிரித்தாராம். வாப்பா வந்து என்னிடம் சொன்னார், நான் நம்பவில்லை.

போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து இவளே படித்துக்கொண்டாள். எனக்குச் சொன்னது இதுதான். மீன் தின்று கழிப்பதெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே விஷமாக ஆகிறதாம், அதற்கு அமோனியா என்று பேர். அந்த விஷத்தைத் தின்கிற நல்ல கிருமி ஒன்று இருக்கிறதாம், அது மோட்டார் காற்று வருகிற பஞ்சில்தான் குடியேறுமாம், குடியேறிப் பெருகுவதற்கு ஆறேழு வாரம் ஆகுமாம். முறைப்படி பார்த்தால் அதுவரைக்கும் வெறும் தொட்டியை ஓடவிட்டுப் பிறகுதான் மீனை விட வேண்டுமாம். நீ முதல் நாளே விட்டுவிட்டாய். இனி மீனை வைத்துக்கொண்டே கிருமியை வளர்க்க வேண்டும் என்றால் தினமும் கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், தீனியைக் குறைக்க வேண்டும். நம் தெருவில் நான்கு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீரில் என்ன மருந்து வாடை அடிக்கும் என்று உனக்கே தெரியும், அதை அப்படியே ஊற்றக் கூடாதாம், அதனால் இரண்டு வாளியில் பிடித்துத் திறந்து வைத்து மறுநாள் ஊற்றினாள். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் மீனுக்கு இரண்டு வாளியா என்று நான் கத்தினேன். அவள் எடுத்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். அது இப்போது என் தலைக்கு மேல் வளர்ந்து நிற்கிறது, பாஜிலா மாமி தினமும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி ஒடித்துக்கொண்டு போகிறாள்.

வாப்பா ஒரு பக்கம். பகலெல்லாம் தறிச் சத்தத்தில் நிற்கிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறார், மோட்டார் சத்தம் அவருக்குக் கேட்பதே இல்லையாம். மீன்கள் அவரைக் கண்டதும் மேலே வரும், உடனே, பாவம், பசிக்குது போலட்டி என்று ஒரு சிட்டிகை போட்டுவிடுவார். இவள் அவரிடம் வாயால் சொல்லவில்லை, தொட்டி மேல் சாப்பாடு போட்டாச்சு என்று சீட்டு ஒட்டினாள். அவர் வாசித்துவிட்டு, உத்தரவு என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டார். எல்லோருக்கும் சீட்டு. எனக்கு மட்டும் சீட்டு எழுத முடியாது அல்லவா, அங்கேதான் வந்தது வினை.

நான் வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறவள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜும்ஆவுக்கு வாப்பா கிளம்புவதற்குள் தரை, கொல்லை, குடம், ஜன்னல் கம்பி எல்லாம் சுத்தமாக, பாக்காக இருந்தால்தான் எனக்கு மனது நிற்கும். நீ போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமையே அந்தப் பஞ்சைப் பார்த்தேன், மஞ்சளாக வழவழவென்று இருந்தது. மீனுக்குச் செய்கிற நன்மை என்று நினைத்து அதை உருவி எடுத்துக் குழாயடியில் வைத்து, வெள்ளை வெளேர் என்று வரும்வரை பிழிந்து பிழிந்து கழுவி மறுபடி மாட்டிவிட்டேன். இவள் அந்த நேரத்தில் தலைக்குக் குளிக்கப் போயிருப்பாள். இப்படி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும். இவள் கேட்டாள் என்று நீ ஃபாரூக்கிடம் கொடுத்துவிட்ட, தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்துப் பெட்டி வந்த பிறகு இவள் தினமும் ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டுப் பார்த்து நோட்டில் எழுதினாள். மஞ்சளாக இருந்தால் விஷம் இல்லை, பச்சையானால் இருக்கிறது. வியாழக்கிழமை வரை பச்சை குறைந்துகொண்டே வரும், சனி ஞாயிறு மறுபடியும் பச்சையாகும். அந்தக் கிருமி வாரம் முழுக்கக் கட்டுகிற வீட்டை நான் வாரம் ஒருமுறை இடித்துக்கொண்டிருந்தேன். உறைமோரைக் கழுவிக் கொட்டிவிட்டுத் தயிர் தோயவில்லை என்று உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அந்தக் கதைதான். அந்த முதல் வாரங்களில் இரண்டு மீனும் என் கையால்தான் செத்துப்போயின, ரிஸ்வான். இதை மறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

இவள் நோட்டைப் பார்த்தே வெள்ளிக்கிழமையைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆறாம் வெள்ளிக்கிழமை தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் பஞ்சு வெளுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை, கழுவாதே உம்மா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தங்கப்பழம் அண்ணாச்சி கடையில் அதே மாதிரி இன்னொரு பஞ்சு வாங்கி வந்திருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து, விடியற்காலை சுபுஹு தொழுததும் நல்ல பஞ்சை உருவித் தொட்டித் தண்ணீரோடு ஒரு சட்டியில் போட்டு மூடி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, நான் கழுவுவதற்காகப் புதுப் பஞ்சை மாட்டி வைத்துவிடுவாள். நான் கழுவி மாட்டியதும் திரும்ப மாற்றிவிடுவாள். இது எனக்குத் தெரியாமல் நாலு வெள்ளிக்கிழமை நடந்திருக்கிறது. இப்போதெல்லாம் பஞ்சில் அழுக்கே பிடிப்பதில்லை, என் கை அப்படி என்று பாஜிலா மாமியிடம் பெருமை வேறு பேசியிருக்கிறேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை தேங்காய்ச் சோறு ஆக்கலாம் என்று அரிசி எடுக்கப் போனேன். டிரம்முக்குப் பின்னால் சட்டி. தட்டைத் தூக்கினால் காப்பி நிறத்தில் தண்ணீர், அதில் பழுப்பாக ஏதோ ஒன்று ஊறிக் கிடக்கிறது, குளத்துப் பாசி வாடை. பழைய குழம்பு கெட்டுப்போய்விட்டது, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக என் வீட்டில் இப்படியா என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையில் சட்டியைத் தூக்கி வாறுகால் சாக்கடையில் சாய்க்கப் போனேன். குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வந்த இவள் அதைப் பார்த்துவிட்டு, உம்மா கொட்டாதே என்று ஒரு சத்தம் போட்டாள் பார், ரிஸ்வான், பதினேழு வருஷத்தில் இவள் குரல் அவ்வளவு உண்டு என்று எனக்குத் தெரியாது. என் கை அப்படியே நின்றுவிட்டது. பாஜிலா மாமி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, யா அல்லா, பாம்பா, எங்கன எங்கன என்று கேட்டாள். பாம்பும் இல்லை ஒண்ணும் இல்லை, என் மவ பேசிட்டா என்று சொன்னேன்.

அதன் பிறகு வரிசையாக எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கழுவாதே என்று சொல்ல முடியாத அளவுக்கு நான் பேயா பிசாசா, பெற்ற உம்மாவிடம் பஞ்சை ஒளிப்பார்களா என்று கேட்டேன். துண்டு நுனியைத் திருகினாள். அப்புறம், சொன்னா அந்த ரெண்டு மீனும் எப்படிச் செத்துச்சுன்னு உனக்குத் தெரிஞ்சிருமே உம்மா, நீ அழுவியே என்று சொன்னாள். என்னைப் பார்த்துப் பயந்து ஒளிக்கவில்லை மகனே, எனக்காக ஒளித்திருக்கிறாள். நாலு வெள்ளிக்கிழமை காலையும் இந்தப் பிள்ளை மீனையும் காப்பாற்றி என்னையும் காப்பாற்றிக்கொண்டு நடந்திருக்கிறது, நான் தண்ணீர் வாளிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அழுதேன்தான். அன்றைக்குத் தேங்காய்ச் சோறு அடிப்பிடித்துவிட்டது, வாப்பா அதையும் சாப்பிட்டார்.

இப்போது நல்ல செய்தி. அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரமே பச்சை போய்விட்டது. அதற்குப் பிறகும் இன்னொரு விஷம் உண்டாம், அதற்கு வேறு சொட்டு, ஊதா நிறமானால் ஆகாது, நீலமாகவே நிற்க வேண்டும். அதுவும் போன வாரத்துக்கு முந்தின வாரம் நீலத்தில் நின்றுவிட்டது. பன்னிரண்டு நாளாக ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். முதல் நாள் இவள் அந்த இரண்டு குழலையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னையும் வாப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினாள், பிறந்த பிள்ளையைக் காட்டுவது மாதிரி. தினம் இரண்டு வாளி என்பது இப்போது வாரம் ஒருமுறை என்று ஆகிவிட்டது. நான்கு மீனும் மேலே வந்து மூச்சு வாங்குவதில்லை, கல்லைக் கிண்டிக்கொண்டு திரிகின்றன. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ். தங்கப்பழம் அண்ணாச்சி இப்போது ஆள் அனுப்புகிறார், ஒரு டாக்டர் வீட்டுத் தொட்டியில் மீன் நிற்க மாட்டேன் என்கிறதாம், ஒங்க பிள்ள வந்து ஒரு பார்வை பார்க்குமா என்று. இவள் போக மாட்டேன் என்றாள். மறுநாள், உம்மா நீயும் கூட வந்தா போறேன் என்றாள். புதன்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.

வேறு விசேஷம், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பத்து நாள் தெருவில் நடக்க முடியவில்லை, இப்போது ஊர் அடங்கிவிட்டது. மழையைக் காணோம், குருவிகுளம் பக்கம் விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, தைலம் அனுப்பினால் போதும், பெரிதாக ஒன்றும் இல்லை. கடையநல்லூரில் உனக்குப் பார்த்த பெண் வீட்டார் பதில் சொல்ல ஒரு மாதம் கேட்டிருக்கிறார்கள், நீ நாளைக்கே சொல்லுங்கள் என்று நச்சரிக்காதே. புதுக் கம்பெனி ஒத்துவரவில்லை, ரூமில் ஆறு பேரும் ஆறு திக்கு, திரும்பி வந்துவிடலாமா என்று வாப்பாவிடம் கேட்டாயாம். போய் எத்தனை வாரம் ஆகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இரு. அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் வா, இது உன் வீடு, யார் கேட்பார்கள். குளிர்ந்த தண்ணீரைக் குடிக்காதே, ஏசிக்கு நேரே படுக்காதே, சுபுஹுத் தொழுகையை விடாதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் சுகத்தையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் தருவானாக, உன்னை நல்லபடியாக என் கண்முன் கொண்டுவந்து சேர்ப்பானாக, ஆமீன். ஒன்றை மட்டும் மறக்காதே, அடுத்த லீவில் வரும்போது தங்கையைக் கேட்காமல் ஒரு மீன்கூட வாங்கி வரக் கூடாது. எண்ணிப் பார்ப்பேன் என்று சொன்னாய் அல்லவா, வந்து நான்கு என்று எண்ணு, அவளை ஒரு வார்த்தை சொல்லாதே. குறை சொல்ல வேண்டும் என்றால் என்னைச் சொல். எழுதி முடித்ததை வாசித்துக் காட்டச் சொன்னேன், வாசித்தாள், நான் சொன்னபடியே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வீடு முழுக்கக் கழுவி, அந்தப் பஞ்சை மட்டும் அழுக்காகவே விட்டு வைத்திருக்கும்,
உன் உம்மா ரசீதா.

காக்கா, இது ஜஸீமா. நம்ம ரெண்டு மீனைப் பத்திச் சொல்லும்போது உம்மா ஒவ்வொரு தடவையும் நான் கொன்னுட்டேன், நான் கொன்னுட்டேன் என்றுதான் சொன்னது. நான் எல்லா இடத்திலும் செத்துப்போயின என்றுதான் எழுதியிருக்கிறேன். வாசித்துக் காட்டும்போது மட்டும் உம்மா சொன்னபடி வாசித்தேன். நீ போனில் உம்மாவிடம் பேசும்போது இதைச் சொல்லிவிடாதே.